பழகிய கைக்குப் புதிய பாஷை

ஜாவாவில் பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து, கிளாஸும் ஆப்ஜெக்டும் சொப்பனத்தில்கூட வந்து போகும் அளவுக்குத் தேர்ச்சி பெற்ற ஒருவர், ஹாஸ்கெல் கற்க உட்காரும்போது, தமக்குக் குறுக்கே நிற்பது தமது அனுபவமேதான் என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்கிறார்.

சங்கடம் சமக்குறியிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. ‘எக்ஸ் = எக்ஸ் + 1’ என்று ஜாவாவில் எழுதினால், எக்ஸில் இருந்த எண்ணோடு ஒன்று கூடும்; அவ்வளவுதான். ஹாஸ்கெலிலும் இதை எழுதலாம். கம்பைலர் யாதொரு ஆட்சேபமுமின்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் எக்ஸின் மதிப்பு என்னவென்று கேட்டுவிட்டாலோ, அதை அறிய எக்ஸ் வேண்டும், அந்த எக்ஸை அறிய மறுபடியும் எக்ஸ் வேண்டும் என்று கணினி முடிவில்லாத சுழலில் அகப்பட்டுக்கொள்ளும். அங்கே சமக்குறி கட்டளையிடுவதில்லை. இன்னது இன்னதுதான் என்று லக்ஷணம் கூறுகிறது. பேரேட்டில் ஒரு முறை எழுதிய தொகையை அழிக்காமல், திருத்தம் வேண்டுமானால் புது வரியாகவே எழுதும் கணக்கப்பிள்ளைக்கு இது விளங்கும்.

இந்த அழித்தெழுதும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர், 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸ் என்பது விசித்திரமான செய்தி. 1977-இல் டூரிங் விருது பெற்றபோது நிகழ்த்திய உரையில், தம் கையால் உலகெங்கும் பரவிய முறையையே அவர் தாட்சண்யமின்றி விமரிசித்தார். அதன் பிறகே, 1990-இல், தர்க்க நிபுணர் ஹாஸ்கெல் கரியின் பெயர் தாங்கிய இம்மொழியின் முதல் வரையறை வெளியாயிற்று.

அனுபவம் முழுதும் வீண் என்று சொல்லவில்லை. ஜாவாவின் ஸ்ட்ரிங் மாறாத பொருளே. அதனோடு நாள்தோறும் பழகியவருக்கு மாறாமை முற்றிலும் அந்நியமன்று. சுவையான விஷயம் வேறொன்று. வட்டம், சதுரம் என்ற உருவங்களைக் கிளாஸ்களாக அமைத்திருந்தால், முக்கோணத்தைச் சேர்ப்பது சுலபம். சுற்றளவு காணும் புதிய வேலையைச் சேர்க்கவோ ஒவ்வொரு கிளாஸையும் திறந்தாக வேண்டும். ஹாஸ்கெலில் உருவங்களை ஒரே தரவு வகையாக அமைத்தால், இந்தச் சிரமம் அப்படியே இடம் மாறிவிடும்: புதிய ஃபங்ஷன் எளிது, புதிய உருவம் கடினம். ஃபிலிப் வாட்லர் 1998-இல் பெயரிட்டு விவரித்த இப்பிரச்னையின் ரசம், இரு கரைகளிலும் வாழ்ந்தவருக்கே பூரணமாகப் புலப்படும்.

பிடிவாதமாக ஜாவாவிலேயே இருந்துவிட்டாலும் தப்பிக்க வழியில்லை: 2014-இல் ஜாவா 8 லாம்டாவை அழைத்துவந்தது, 2023-இல் வந்த ஜாவா 21-இல், உருவத்தின் வகை பார்த்துக் கிளை பிரியும் ஹாஸ்கெல் பாணியை ‘ஸ்விட்ச்’ என்ற பழைய பெயரிலேயே எழுதலாம்.