எல்லையில்லாத் திரை நேரம்: பள்ளி துறந்த குடும்பங்களின் வாதம்

பள்ளியையும் பாடத்திட்டத்தையும் தேர்வையும் விட்டுவிட்டு, குழந்தை தன் ஆர்வம் இழுக்கும் வழியில் அன்றாட வாழ்க்கையிலிருந்தே கற்கட்டும் என்னும் முறையை அமெரிக்காவில் ‘அன்ஸ்கூலிங்’ என்கின்றனர். பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பள்ளிகளைச் சீர்திருத்த முடியும் என்ற நம்பிக்கையை இழந்த பின், 1977இல் பாஸ்டனில் தொடங்கிய ‘குரோயிங் விதவுட் ஸ்கூலிங்’ என்ற இதழின் வழியே இச்சொல்லைப் பரப்பினார். வீட்டுக்கல்வியில் பெற்றோரே ஆசிரியராகிப் பாடநூலைக் கையில் எடுக்கின்றனர். இங்கோ பாடம் என்ற ஒன்றே வகுக்கப்படுவதில்லை.

ஹோல்ட் 1985இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுள் ஒரு பிரிவினர், இந்தச் சுதந்திரத்தைப் படிப்போடு நிறுத்தாமல் உணவு, உறக்கம், தொலைக்காட்சி, கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கும் விரித்தனர். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த எழுத்தாளர் சாண்ட்ரா டாட் இப்பிரிவின் நன்கறியப்பட்ட குரலாவார். திரைக்கு முன் செலவிடும் நேரத்துக்குப் பெற்றோர் வரம்பு விதிப்பதில்லை என்பது இக்குடும்பங்களின் மிகவும் விவாதிக்கப்படும் வழக்கம்.

அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வீட்டுப்பாடம் முடித்தால் அரைமணி நேரம் கைபேசி என்று பேசும் வீட்டில், பாடம் செலுத்த வேண்டிய விலையாகவும் கைபேசி அரும்பொருளாகவும் மாறிவிடுகின்றன என்பது அவர்கள் கூற்று. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அப்புதிர்களை நாடுவது குறைந்தது. பரிசுக்காகச் செய்யும் செயலில் உள்ளார்ந்த விருப்பம் தேய்கிறது என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. ஜெனிஃபர் ஃபிஷர், லீஆன் பர்ச் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வோ, கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் கையில் கொடுக்காத தின்பண்டத்தின் மீது சிறு குழந்தைகளின் நாட்டம் பெருகியதைக் காட்டியது. தடுக்கப்பட்டதால்தான் திரை தித்திக்கிறது என்போருக்கு இது வலுவான துணை.

ஆயினும் இந்த ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. தின்பண்டம் வயிற்றை நிறைக்கிறது, வயிறு நிறைந்ததும் கை தானாக விலகுகிறது. இன்றைய திரைக்கு அப்படியொரு நிறைவு இல்லை. ஹோல்ட் அறிந்திருந்த தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முடிந்தது, புத்தகத்தில் கடைசிப் பக்கம் வந்தது. இன்று ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது, விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே போகிறது. பார்ப்பவர் விலகாதிருப்பதே வருவாயாகும் நிறுவனங்கள் இவற்றைத் திட்டமிட்டு வடிவமைக்கின்றன. குழந்தை தானாகத் தேர்ந்துகொள்கிறது என்ற அடிப்படை நம்பிக்கை, எதிர்ப்புறத்தில் இத்தனை தேர்ந்த கைகள் இழுக்கும்போது அப்படியே செல்லுபடியாகாது.

இம்முறையை அக்கறையோடு கைக்கொள்ளும் குடும்பங்கள், வரம்பின்மையைக் கைவிடலாகக் கருதுவதில்லை. பிள்ளை ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டில் கட்டிடம் எழுப்பினால் தாயோ தந்தையோ அருகே அமர்ந்து கேட்பதும், அதிலிருந்து சுரங்கம், கோட்டை, கணக்கு என்று பேச்சு வளர்வதும், திரைக்கு இணையாக மனத்தை ஈர்க்கும் தோட்டமும் மரவேலையும் தோழர் கூட்டமும் வீட்டைச் சுற்றி இருப்பதும் அங்கே இன்றியமையாதவை. கடிகாரத்தைக் காட்டி நிறுத்துவதைவிட இது பெற்றோரிடம் பன்மடங்கு நேரத்தைக் கேட்கிறது. அந்த நேரத்தைத் தர இயலாத வீட்டில் இதே கொள்கை வெறும் ஒப்புக்கொடுத்தலாகிவிடும். இந்த வேறுபாட்டை ஆதரவாளர்களின் எழுத்துகள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

பீட்டர் கிரே, ஜினா ரைலி ஆகியோர் 2013இல் வெளியிட்ட, அன்ஸ்கூலிங் குடும்பங்கள் 232 பங்கேற்ற ஆய்வில் பெரும்பாலோர் மனநிறைவையே தெரிவித்தனர். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பதிலளித்தவர்கள் என்பதால், அம்முடிவைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது.

மழலைப் பருவத்துக்குத் திரைவரம்பு வேண்டாம் என்னும் வாதம் எவ்வகையிலும் பொருந்தாது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. வளர்ந்த பிள்ளையிடம் வரம்பை நீக்க எண்ணும் பெற்றோர், முதலில் தாம் அவனருகே அமரத் தயாரா என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். தயாரில்லையெனில் வரம்பை நீக்காதிருப்பதே நேர்மை.