பெயருக்குப் பின்னால் வரும் 'டு'

தமிழில் 'படிக்க ஒரு புத்தகம்' என்போம். வினை முன்னே, பெயர் பின்னே. ஆங்கிலத்தில் அது தலைகீழ்: 'எ புக் டு ரீட்'. 'டைம் டு கோ', 'வொர்க் டு டூ' எல்லாம் இதே அமைப்புதான். 1969-ல் நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கையும் 'த ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்' என்றே ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

நம்மவர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உட்கார நாற்காலி கேட்பவர் 'எ சேர் டு சிட்' என்று நிறுத்தினால் போதாது. 'எ சேர் டு சிட் ஆன்' என்பதே சரி. எழுதப் பேனா வேண்டுமா? 'எ பென் டு ரைட் வித்'. கடைசியில் வரும் அந்தச் சின்னஞ்சிறு சொல்லை விட்டுவிடக் கூடாது.

எல்லாப் பெயர்ச்சொல்லும் 'டு'வை ஏற்பதில்லை. 'டிசிஷன்' ஏற்கும்: 'டிசிஷன் டு லீவ்'. 'ஹேபிட்' ஏற்காது: 'ஹேபிட் ஆஃப் ரீடிங்' என்றே வரும்.

'சான்ஸ்' இரண்டுக்கும் இடம் கொடுக்கும், ஆனால் பொருள் மாறும். 'சான்ஸ் டு வின்' என்றால் வெல்லக் கிடைத்த வாய்ப்பு. 'சான்ஸ் ஆஃப் வின்னிங்' என்றால் வெல்வதற்கான சாத்தியம்.

எனவே நேயர்களே, புதிய ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றைக் குறித்துவைக்கும்போது, அதன் பின்னால் வருவது 'டு'வா 'ஆஃப்'பா என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.