கழுத்து நரம்பில் மின்துடிப்பு: வலிப்புக்கு இன்னொரு வழி

பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு நோய்க்கெதிரான சர்வதேசக் கூட்டமைப்பு 2010இல் வகுத்த வரையறை இது. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார்.

எங்கள் மக்களுக்கு இதில் ஒரு தனிக் காரணமும் உண்டு. அது செல் துண்டு மூளையில் விட்டுப்போன தழும்பு. வியட்நாம் போரில் மண்டை துளைக்கப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களைத் தொடர்ந்து கவனித்ததில் பாதிப்பேர் அளவுக்கு வலிப்பு வந்தது. சிலருக்குப் பத்து வருடம் கழித்தே வந்தது. ஆகவே 2009இல் தலையில் காயப்பட்டவருக்கு வெகுகாலம் பிந்தி முதல் வலிப்பு வந்தால் அது செய்வினையுமல்ல, கண்ணூறுமல்ல.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கி கிளினிக்குக்குப் போகும் வன்னிக் குடும்பங்களுக்குச் சிங்களத்தில் கதைத்து உதவ நான் கூடப் போவதுண்டு. "நெஞ்சில ஒரு மெசின் வைக்கினமாம், வைச்சா வலிப்பு நிண்டிடுமோ?" என்று கேட்பார்கள்.

அது வேகஸ் நரம்புத் தூண்டல். மூளையைத் திறப்பதில்லை. இடது காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சிறிய மின்கருவியொன்றை வைத்து, அதன் வயரைக் கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பில் சுற்றிவிடுவார்கள். வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் 30 செக்கன் துடிப்பு நரம்பு வழியே மூளைக்குப் போகும். ஐரோப்பா 1994இலும் அமெரிக்கா 1997இலும் இதை அனுமதித்தன.

வலிப்பு வரப்போவது தெரிந்தால் காந்தமொன்றைக் கருவிக்கு மேலாக ஒருதரம் கொண்டுபோக மேலதிகத் துடிப்பு கிடைக்கும். வலிப்பு வந்தவரின் கையில் திறப்புக்கோர்வையைத் திணிக்கிற எங்கள் பழக்கத்தால் ஒரு பயனுமில்லை. இந்தக் காந்தம் சிலருக்கு உதவுகிறது.

ஆனால் நின்றுவிடுமா? பெரும்பாலும் இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் பாதிப்பேருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது, முற்றாக நிற்பவர்கள் சிலரே. குளிசையும் தொடரும். குரல் கம்மும், இருமல் வரும். பற்றரி தீர்ந்தால் மறுபடி சத்திரசிகிச்சை. விலையோ பல இலட்சம்.

அதனால் காணி விற்கப் போகுமுன் வைத்தியரிடம் இரண்டு விடயம் கேளுங்கள் என்பேன். வலிப்பு தொடங்கும் இடத்தை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை பொருந்துமா? பொருந்துகிறவர்களுக்கு அதில்தான் முற்றாக நிற்கிற வாய்ப்பு அதிகம். இதுவரை தந்த மருந்தும் அளவும் சரிதானா? ஆஸ்பத்திரியில் குளிசை முடிந்து இரண்டு கிழமை விட்டதால் வந்த வலிப்பு இந்தக் கணக்கில் சேராது. வலிப்பு வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோனால் என் மொழிபெயர்ப்பை விட அது நன்றாகப் பேசும்.

உடம்பில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லவேண்டும். இந்தக் கருவி உள்ளவர்களும் அப்படியே. கருவி வைத்தபின், பழைய காயத்து நோவுக்காகப் பிசியோதெரபியில் கொடுக்கும் டயதேர்மி என்ற மின்வெப்பம் அறவே கூடாது. வயர் சூடாகி நரம்பையே எரித்துவிடும்.