டி-அணு இரத்தப் புற்றுநோய்: இரு மருந்து முறைகள்

ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் அண்ணனின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றதும் பெங்களூருக்கு ஓடினோம். "டி-அணு வகை, தீவிர சிகிச்சை வேண்டும்" என்றார் மருத்துவர். எவ்வளவு தீவிரம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது என்பதைப் பிறகே அறிந்தேன்.

லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் முதிராமலே கட்டின்றிப் பெருகுவது இந்நோய். அதில் டி-அணு வகையின் பங்கு மேலைநாடுகளைவிட நம் நாட்டில் அதிகம்.

1980களில் சென்னை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் எம்.சி.பி.841 என்ற ஒரே முறையைக் கையாண்டன. சைட்டராபின் மருந்தை மிகுந்த அளவில் தருவது அதன் ஒரு பகுதி. குணமடைவோர் தொகை முன்னையினும் பெரிதும் உயர்ந்தது.

ஜெர்மனியில் 1970களில் பிறந்த பி.எஃப்.எம். முறை வேறு. அதன் பிற்கால வடிவங்களில் டி-அணு நோயாளிக்கு மெத்தோட்ரெக்சேட்டை, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 5 கிராம் வீதம், 24 மணி நேரம் ஏற்றுவர். பின் லியூக்கோவோரின் கொடுத்து உடலை மீட்க வேண்டும். இரத்தத்தில் மருந்து இறங்குகிறதா என்று அளந்துகொண்டே இருக்கவும் வேண்டும். அளக்கும் வசதியில்லாத இடத்தில் இது நெருப்போடு விளையாட்டு.

நோய் திரும்பாமல் தடுக்கும் அதே தீவிரம் நல்ல வெள்ளணுக்களையும் வீழ்த்திவிடுகிறது. சிகிச்சையின் நடுவே வரும் தொற்று நம் நாட்டில் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது.

"காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்" என்றார் மருத்துவர். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அத்திப்பள்ளியில் லாரிகள் அடைத்து நிற்கும் இரவில்? பையனுக்குத் தந்தது பி.எஃப்.எம். முறை. அண்ணன் மருத்துவமனைக்கு அருகிலேயே ஓர் அறை பிடித்துக்கொண்டார்.