பிறந்த வீடும் புகுந்த வீடும்

தலைப்பைப் பார்த்துட்டு கல்யாணக் கட்டுரைன்னு நினைச்சுடாதீங்க. இது ‘ஆர்’ என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றியது. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. புள்ளியியல் கணக்குகளுக்குப் பேர் போனது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது நமக்கு இன்னும் வசதி!

நம்ம பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். புரோகிராமில் ‘விலை’ என்ற வேரியபிளில் 20 என்று வைக்கிறோம். பிறகு ஒரு ஃபங்ஷனுக்குள்ளும் ‘விலை’ என்றே பெயரிட்டு 35 வைக்கிறோம். ஃபங்ஷன் ஓடி முடிந்ததும் வெளியே விலை எவ்வளவு? அதே 20தான். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஃபங்ஷனுக்கென்று தனியாக ஒரு சூழல் உருவாகிறது. இதைத்தான் என்விரான்மென்ட் என்கிறார்கள். உள்ளே வைத்தது வெளியே இருப்பதைத் தொடாது.

உள்ளே ‘விலை’யே வைக்காவிட்டால்? ஃபங்ஷன் முதலில் தன் சூழலில் தேடும். இல்லையென்றால், தான் எழுதப்பட்ட இடத்தின் சூழலில் தேடும். அப்புறம் அதற்கும் வெளியே என்று படிப்படியாகப் போகும்.

இப்போது ஒரு கேள்வி. வெளியே விலை 20. ‘கணக்கு’ என்ற ஃபங்ஷன் 10 கிலோவை விலையால் பெருக்குகிறது. ‘சந்தை’ என்ற இன்னொரு ஃபங்ஷன் தனக்குள் விலையை 35 என்று வைத்துக்கொண்டு ‘கணக்கு’ ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. விடை 350ன்னுதானே சொல்வீங்க? நானும் அப்படித்தான் சொன்னேன். வருவதோ 200! கூப்பிட்ட இடம் புகுந்த வீடு. எழுதப்பட்ட இடம் பிறந்த வீடு. ஏதாவது குறைந்தால் ஃபங்ஷன் பிறந்த வீட்டைத்தான் பார்க்கும். இதற்கு லெக்சிகல் ஸ்கோப்பிங் என்று பெயர். ‘ஸ்கீம்’ என்ற மொழியிலிருந்து வந்த யோசனை இது.

இது தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, லேபில்தான் எல்லாம். பிராஜெக்ட் புரோகிராம் ஒரு வாரம் அழகாக ஓடியது. ரிவ்யூ அன்று வேறு கம்ப்யூட்டரில் போட்டேன். ‘விலை’ கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. என்றைக்கோ டைப் செய்த விலை பழைய கம்ப்யூட்டரில் சேமிப்பாகிக் கிடந்திருக்கிறது. ஃபங்ஷன் அதை எடுத்துத்தான் ஓடியிருக்கிறது! அன்றைக்கு நின்றதே நல்லது. நிற்காமல் பழைய விலையில் தப்புக் கணக்குக் காட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

எனவே நண்பர்களே, ஃபங்ஷனுக்குத் தேவையானதை அடைப்புக்குறிக்குள் ஆர்கியுமென்ட்டாகக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். வெளியேறும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரிவ்யூவுக்கு முன் புதிதாகத் திறந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் விழுந்த குழியில் நீங்களும் விழ வேண்டாம்!