குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

வயற்காணி இன்னும் கைக்கு வரவில்லை. வந்த காணியிலோ கிணறு தூர்ந்து, வரம்பு அழிந்து கிடக்கிறது. கூலி வேலையும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. இந்த நிலையில் வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு எழுவது இயல்பே. நடை பழகும் வயதில் ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பேச்சோடு ஒரு கேள்வியும் எழுகிறது: "பிள்ளையையும் கூடவே கொண்டு போகலாமா?"

"முதலில் நீங்கள் போங்கோ, பிறகு பிள்ளையை எடுப்பிக்கலாம்" என்று சில முகவர்கள் இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இதைத் தீர்மானிப்பது முகவரின் வாக்கு அல்ல. நீங்கள் எந்த வகை விசாவில் போகிறீர்கள் என்பதே. ஆகையால் கடன்படுவதற்கும் நகை அடைவு வைப்பதற்கும் முன்னர் இதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

விசாவும் குடும்பமும்

வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவர் எசமானின் பொறுப்பில், பெரும்பாலும் அவருடைய வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறார். அங்கே தன் பிள்ளையை வைத்திருக்க இடமில்லை. தென் கொரியாவில் தொழிற்சாலை, விவசாயம், மீன்பிடி ஆகிய வேலைகளுக்குரிய இ-9 விசாவில் தொடர்ந்து 4 ஆண்டு 10 மாதம் வரை வேலை செய்யலாம். அந்தக் காலம் முழுவதும் குடும்பத்தை அழைத்து வைத்திருக்க அனுமதி இல்லை.

வேறு வேலைகளில் வழி உண்டு. உதாரணமாக, ஐக்கிய அரபு இராச்சியத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாக இருந்தால், அல்லது 3,000 திர்ஹமுடன் தங்குமிடமும் தரப்பட்டால், மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் இது அனுமதிக்கான எல்லை மட்டுமே. ஒரு குடும்பம் சீவிக்க அது போதும் என்று பொருளல்ல. தனியே போனவர் கம்பனி தரும் அறையில் பலரோடு தங்கி, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புவார். குடும்பம் போய்ச் சேர்ந்ததும் வீட்டு வாடகை, மருத்துவக் காப்புறுதி, பிள்ளைக்கான பால்மா எல்லாம் அதே சம்பளத்திலிருந்து போக வேண்டும். தாயும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். இங்கே அரசாங்க கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது அங்கே காசுக்குத்தான் கிடைக்கும். வரவு, செலவு இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடன் கட்ட மிச்சம் இல்லையென்றால் பயணத்தின் நோக்கமே கெட்டுவிடும்.

கூட்டிச் செல்வதானால்

பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டு 3 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதற்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். தந்தை இறந்திருந்தால் மரணச் சான்றிதழை ஆயத்தப்படுத்துங்கள். காணாமற்போயிருந்தால் எந்த ஆவணம் வேண்டும் என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் முன்னரே விசாரியுங்கள். தடுப்பூசி விபரம் உள்ள கிளினிக் கொப்பியைத் தவறாமல் கொண்டு செல்லுங்கள். 18 மாத ஊசியும் 3 வயது ஊசியும் பயணக் குழப்பத்தில் தவறிப்போகக்கூடியவை.

விட்டுச் செல்வதானால்

5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்குச் செல்வதை 2013 இல் அரசாங்கம் தடுத்தது. 2022 இல் அந்த எல்லை 2 வயதாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பராமரிப்பதற்கான ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். இதைச் சுற்றிக் கடக்கச் சிலர் சுற்றுலா விசாவில் அனுப்பப்படுகிறார்கள். அவ்வாறு ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் 2022 இல் பட்ட துன்பத்தைச் செய்திகளில் அறிந்தோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவருக்கு அதன் காப்புறுதியும் இல்லை.

சட்டம் இடங்கொடுத்தாலும் பிள்ளையின் மனம் வேறு கணக்குப் பார்க்கும். வீட்டுப் பணிக்கான ஒப்பந்தம் வழமையாக இரண்டு ஆண்டு. பெரியவருக்கு அது இரண்டு தைப்பொங்கல். இரண்டரை வயதுப் பிள்ளைக்கோ, பிறந்து வாழ்ந்த காலம் முழுவதற்கும் கிட்டிய ஒரு காலம். "நாளை வருவேன்" என்பதற்கும் "இரண்டு வருடத்தில் வருவேன்" என்பதற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. தாய் திரும்பி வரும்போது பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தால், அது நன்றிகெட்ட பிள்ளை அல்ல. தன்னைத் தூக்கி வளர்த்தவரிடம் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே, போக வேண்டியே வந்தால் சிலவற்றை முன்கூட்டிச் செய்யலாம்.

பிள்ளையைப் பொறுப்பேற்பவர் ஒருவராக இருக்கட்டும். ஒரு மாதம் சித்தி, மறுமாதம் பெரியம்மா என்று கைமாறுவது பிள்ளையைக் கூடுதலாகப் பாதிக்கும்.

அவர் முதியவராக இருந்தால், நோயுற்றால் அடுத்துப் பார்ப்பவர் யார் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே குளிப்பாட்டல், சோறூட்டல், நித்திரையாக்கல் ஆகியவற்றை அவரிடம் படிப்படியாக ஒப்படையுங்கள்.

பிள்ளை தூங்கும்போது ஒளித்துப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போவதே நல்லது. சொல்லாமல் மறைந்தால், மற்றவர்களும் அப்படி மறைந்துவிடுவார்களோ என்ற பயம் பிள்ளைக்கு ஏற்படும்.

தொலைபேசியில் பேசும் நாளையும் நேரத்தையும் ஒழுங்காக வையுங்கள்.

அனுப்பும் பணத்தில் பிள்ளையின் செலவுக்கான பங்கை, வளர்ப்பவரின் கைக்கே போகுமாறு வங்கியில் ஒழுங்கு செய்யுங்கள்.

தகப்பன் வீட்டில் இருப்பாரானால் அவரும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் கிளினிக்குக் கொண்டுபோகவும் பழக வேண்டும். அது பெண்களின் வேலை என்று ஒதுங்கியிருக்க இது காலமல்ல.

சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். முகவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பிள்ளை யாரிடம், எந்த வீட்டில், எந்தப் பணத்தில் வளரும் என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை ஒப்பந்தத்தில் கையொப்பம் இடாதீர்கள்.