வானம் வழி காட்டும். கண் சாலையில் இருக்கட்டும்!

புதுச்சேரி குருசுக்குப்பத்துக்கு வண்டியில் வருகிறவருக்கு, "வலது பக்கம் திரும்பவும்" என்று கைபேசி வழி சொல்கிறது. அதற்கு எப்படித் தெரிகிறது?

பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நான்கு கோள்களின் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டு, வண்டி இருக்கும் இடத்தைக் கைபேசி கண்டுபிடிக்கிறது. இதற்கு இன்டர்நெட் அவசியமில்லை. ஊர்ப் படத்தைக் கொண்டுவரவும், எங்கே நெரிசல் என்று சொல்லவுமே அது வேண்டும். படத்தை முன்பே இறக்கி வைத்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

ஆனால், கோள் சொல்வது இடத்தை மட்டுமே. சாலை நல்லதா, கெட்டதா என்று அது அறியாது! 2024 நவம்பர் 24-ந் தேதி, உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே ஒரு கார், வெள்ளத்தில் உடைந்த பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்தது. 3 பேர் மாண்டனர். கைபேசிப் படத்தை நம்பிச் சென்றதாகக் கூறப்பட்டது.

குருசுக்குப்பத்தை அடுத்த கடற்கரைச் சாலை, மாலையில் வண்டிகளுக்கு மூடப்படும். ஆகவே, புறப்படும் முன்பே போகும் இடத்தைக் குறித்துவிடுங்கள். குரலைக் காதால் கேளுங்கள். சாலையைக் கண்ணால் பாருங்கள். சந்தேகமா? வண்டியை ஓரமாக நிறுத்தி, ஊர்க்காரரைக் கேளுங்கள். வழி கேட்பது வெட்கமல்ல!